ரயில் வந்தாச்சு, ரயிலடிக்குப் போக பஸ் எங்கே?

பஸ்ஸுக்குக் காத்திருப்பது ஒரு வேலை. பஸ்ஸில் போவது இன்னொரு வேலை. தோட்டத்து முச்சந்தியிலும், தாமான் வாசலிலும், ஆஸ்பத்திரிக்கு எதிரேயும் குடை பிடித்து நிற்கிற நம்ம சனங்களுக்கு இதை யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் புதிய ரயில் வருகிறது, புதிய பாதை வருகிறது என்று பெரியவர்கள் மேடையில் பேசும்போது, இந்தக் காத்திருக்கும் நேரத்தை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

முதலில் ஊர் எவ்வளவு பெருத்துவிட்டது என்று பாருங்கள். 1980ஆம் ஆண்டு குடிமதிப்பில் சிலாங்கூர் மாநிலத்தில் இருந்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர். கோலாலம்பூரில் 9 லட்சத்துக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து 23 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 90 லட்சம். நாற்பது வருஷத்தில் ஏறத்தாழ நாலு மடங்கு!

இத்தனை பேரும் எங்கே குடியேறினார்கள்? ஆகாயத்திலா? நாம் மரம் சீவிய மண்ணில்தான். பெட்டாலிங் ஜெயா 1950களில் எழுந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்டு தோட்டத்தில். புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் தோட்டத்தில். தோட்டம் ஊராச்சு, ஊர் பட்டணமாச்சு. தோட்டத்தில் இருந்தவர்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போனார்கள். இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு கஷ்டம்: வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாசார் எல்லாம் ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம்.

தோட்டத்தில் இருந்தபோது பெரட்டுக்கு நடந்தே போனோம். மரம் வீட்டு வாசலில் இருந்தது. ஆயாக்கொட்டகையும் பக்கத்தில், பள்ளிக்கூடமும் பக்கத்தில், கோயிலும் பக்கத்தில். சம்பளம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போவதற்கென்று சம்பளத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்ததில்லை. இப்போது எடுத்து வைக்கிறோம். ஆகவே எந்த வண்டி வரவேண்டும், யாருக்கு வரவேண்டும் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத பேச்சு அல்ல. அது நம்ம சோற்றுப் பேச்சு.

வாசற்படியில் இருந்து அளக்கணும்

காப்பிக் கடையில் உட்கார்ந்தால் ஒருவர் சொல்வார்: “எம்.ஆர்.டி. வந்தாத்தான் ஊர் முன்னேறும்.” இன்னொருவர் சொல்வார்: “அதெல்லாம் வெட்டிச் செலவு, நாலு பஸ் விட்டாப் போதும்.” இரண்டு பேரும் வண்டியைப் பற்றிப் பேசுகிறார்கள். பிரயாணத்தைப் பற்றிப் பேசவில்லை.

பிரயாணம் என்பது வண்டியில் ஏறும்போது தொடங்குவதில்லை. வீட்டு வாசற்படியில் தொடங்குகிறது. வேலையிடத்து வாசலில் முடிகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு அம்மா அடுக்குமாடி வீட்டிலிருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறார். வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நடை 10 நிமிஷம். பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. எப்போது வரும் என்று உறுதியில்லாததால், சில நாள் உடனே கிடைக்கும், சில நாள் முழு மணி நேரமும் நிற்கவேண்டும். சராசரி போட்டால் 30 நிமிஷம். பஸ்ஸில் ரயிலடிக்கு 15 நிமிஷம். ரயிலுக்குக் காத்திருப்பது 3 நிமிஷம். ரயிலில் 40 நிமிஷம். இறங்கி நடை 10 நிமிஷம். ஆக மொத்தம் 108 நிமிஷம். ஒரு வழிக்கு மட்டும்!

இப்போது இரண்டு மேதாவிகள் இரண்டு யோசனை சொல்கிறார்கள். ஒருவர், ரயிலை இன்னும் வேகமாக ஓட்டி 40 நிமிஷத்தை 30 ஆக்கலாம் என்கிறார். சரி, 98 நிமிஷம் ஆச்சு. இன்னொருவர், ரயிலைத் தொடவே வேண்டாம், பஸ்ஸை 15 நிமிஷத்துக்கு ஒன்றாக விடலாம் என்கிறார். காத்திருப்பது 30 நிமிஷத்திலிருந்து ஏழரை நிமிஷமாகக் குறைகிறது. மொத்தம் 85 நிமிஷம் சில்லறை. முதல் யோசனை 10 நிமிஷம் மிச்சம் பிடித்தது. இரண்டாவது 22 நிமிஷத்துக்கு மேல் மிச்சம் பிடித்தது. எந்த யோசனைக்கு அதிகச் செலவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்காக ரயில் வேண்டாம் என்று அர்த்தமில்லை. ரயிலையும் பஸ்ஸையும் எதிரிகளாக நிறுத்துவதே தப்பு. எந்த வண்டிக்கு எந்த வேலை என்று பார்க்கவேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரிய ரயில்

நமது பள்ளத்தாக்கில் முதல் எல்.ஆர்.டி. ரயில் 1996இல் ஓடியது. அம்பாங் பக்கம் முன்பு இருந்த பழைய ரயில் தடத்தையே அதற்குப் பெரும்பாலும் பயன்படுத்திக்கொண்டார்கள். 1998இல் இரண்டாவது எல்.ஆர்.டி., 2003இல் மோனோரெயில். பிறகு எம்.ஆர்.டி. வந்தது. சுங்கை பூலோவிலிருந்து காஜாங் போகும் பாதை 2016 டிசம்பரில் பாதியும், 2017 ஜூலையில் முழுதும் திறக்கப்பட்டது. 51 கிலோமீட்டர் என்று திட்டம் போட்ட அந்தப் பாதைக்கு ஆன செலவு சுமார் 2,100 கோடி வெள்ளி. வகுத்துப் பாருங்கள்: ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 41 கோடி வெள்ளி.

இவ்வளவு செலவு எதற்கு? கூட்டத்தைத் தூக்க. நாலு பெட்டி கொண்ட எம்.ஆர்.டி. ரயில் ஒன்றில் 1,200 பேர் போகலாம். நாலு நிமிஷத்துக்கு ஒன்று விட்டால், ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 18,000 பேர். இதே கூட்டத்தை 60 பேர் ஏறும் பஸ்ஸில் அனுப்ப வேண்டுமானால் மணிக்கு 300 பஸ் வேண்டும். 12 விநாடிக்கு ஒரு பஸ்! அது சாலையில் நடக்கிற காரியமா? ஆகவே பட்டணத்து நடுவே, கூட்டம் நெரியும் இடத்தில், ரயிலுக்கு மாற்று கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காசு வீண் அல்ல.

ஆனால் ஒரு தோட்டம், இரண்டு தாமான், ஓர் அடுக்குமாடி சேர்ந்து காலையில் மணிக்கு 300 பேர் கிளம்புகிற இடத்துக்கு அந்த ரயிலை விட்டால் என்ன ஆகும்? ரயிலுக்கு 20 பேர். 1,200 பேர் ஏறும் ரயிலில் 20 பேர்! அங்கே வேண்டியது மணிக்கு ஐந்து பஸ். 12 நிமிஷத்துக்கு ஒன்று. இதுதான் எந்த வண்டி எங்கே என்று முடிவு செய்யும் கணக்கு.

பழைய தண்டவாளம்

கே.டி.எம். கொமுட்டர் 1995இல் தொடங்கியது. ரவாங், கிள்ளான், சிரம்பான் பக்கத்துச் சனங்களுக்கு இது பெரிய உதவி. தஞ்சோங் மாலிம் வரைக்கும் ஓடுகிறது. ராசா, பத்தாங் காலி, செரண்டா என்று தோட்டம் சூழ்ந்த ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. 2010இல் பத்துமலைக்கும் நீட்டினார்கள். தைப்பூசத்துக்குப் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கொமுட்டரின் பலம், தண்டவாளமும் நிலமும் ஏற்கெனவே இருக்கின்றன என்பது. அதன் பலவீனம், ரயிலுக்கும் ரயிலுக்கும் இடையே உள்ள நீண்ட இடைவெளி. ஒரு ரயிலைத் தவற விட்டால் அரை மணி, சில வேளை அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும். புதிய பாதை போடுவதற்கு முன், இருக்கிற பாதையில் வண்டியை அதிகமாக விடுங்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. தைப்பூசத்துக்கு இராத்திரியெல்லாம் ரயில் விட முடிந்திருக்கிறதே. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

தனிப்பாதை பஸ்

சன்வேயில் 2015இல் ஒரு புதிய முறை வந்தது. பஸ்தான், ஆனால் அதற்கென்று தனிப்பாதை. கார் குறுக்கே வராது, சமிக்ஞை விளக்கு நிறுத்தாது. மின்சாரத்தில் ஓடும் பஸ். 5.4 கிலோமீட்டர், ஏழு நிறுத்தம். செலவு 63 கோடி 40 லட்சம் வெள்ளி. கிலோமீட்டருக்குச் சுமார் 11 கோடி 70 லட்சம். எம்.ஆர்.டி. செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு கூட ஆனதற்குக் காரணம், பாதையை மேம்பாலமாகத் தூக்கிக் கட்டியது. தரையிலேயே ஒரு தடத்தைப் பஸ்ஸுக்கு ஒதுக்கினால் இன்னும் மலிவு. ஆனால் அப்படி ஒதுக்கினால் காரில் போகிறவர்களுக்கு ஒரு தடம் குறையும். அங்கேதான் பேச்சு நின்றுவிடும்! பஸ்ஸில் 60 பேர், காரில் ஒருவர். சாலை யாருக்கு என்று கேட்கத் துணிச்சல் வேண்டும்.

கூப்பிட்டால் வரும் வேன்

அண்மை ஆண்டுகளில் பள்ளத்தாக்கில் புதிதாக வந்தது இது. பெரிய பஸ்ஸுக்குப் பதில் சின்ன வேன். கைத்தொலைபேசியில் கூப்பிட்டால் பக்கத்தில் வந்து ஏற்றிக்கொண்டு ரயிலடியில் விடும். அதே பக்கம் போகிற இன்னும் சிலரும் ஏறிக்கொள்வார்கள். கூட்டம் குறைந்த தாமானுக்கும், மத்தியான நேரத்துக்கும், இராத்திரிக்கும் இது நல்ல ஏற்பாடு. காலி பஸ் சும்மா சுற்றி வருவதை விட மேல்.

குறையும் உண்டு. ஒரு டிரைவர் ஒரு நடைக்கு ஏழெட்டுப் பேரைத்தான் ஏற்ற முடியும். ஆகவே தலைக்கு ஆகும் செலவு அதிகம். காலை நேரக் கூட்டத்தை இது தாங்காது. இன்னொன்று, பாட்டிக்கும் தாத்தாவுக்கும் கைத்தொலைபேசியைத் தட்டிக் கூப்பிடத் தெரியாது. “எம்பேரன் வந்தாத்தான் வேன் வரும்” என்கிற நிலைமை இருந்தால் அது பொதுப் போக்குவரத்து ஆகாது. சாதாரணமாகப் போன் போட்டுக் கூப்பிடவும் ஒரு வழி இருக்கவேண்டும்.

கம்பெனி பஸ்ஸும் கப்சாயும்

தொழிற்சாலை பஸ் இல்லாவிட்டால் நம் பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் வேலைக்கே போயிருக்க மாட்டார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டது அந்த பஸ்தான். ஆனால் அது கம்பெனிக்காரர் தயவு. வேலை போனால் பஸ்ஸும் போச்சு. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அதில் கூட்டிப்போக முடியாது.

மிச்சம் இருப்பது கப்சாய் மோட்டார்சைக்கிள். பஸ் இல்லாத ஊரில் அதுதான் பஸ். பையன் பள்ளிக்கூடம் முடித்ததும் முதலில் வாங்குவது மோட்டார். முதலில் கட்டுவது மோட்டார்த் தவணை. மலிவுதான், வேகம்தான், வாசலில் இருந்து வாசலுக்குப் போகும்தான். ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? 2023ஆம் ஆண்டில் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 6,400 பேருக்கு மேல். அதில் பெரும்பங்கு மோட்டார்சைக்கிளில் போனவர்கள். வேலைக்குப் போகும் வழியில் விபத்து என்றால் சொக்சோ பணம் தரும். போன காலைத் தராது, போன பிள்ளையைத் தராது. பஸ் விடுவதற்குக் காசில்லை என்கிறவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் எழுதட்டும்.

மினி பஸ் சொல்லிக் கொடுத்த பாடம்

வயசானவர்களுக்குக் கோலாலம்பூர் மினி பஸ் நன்றாக ஞாபகம் இருக்கும். 1975இல் வந்தது. எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் ஒரே காசு. தொடக்கத்தில் 40 காசு, கடைசிக் காலத்தில் 60 காசு. ஸ்ரீ ஜெயா, லென் செங் மாதிரி பெரிய பஸ்கள் போகாத சந்துகளிலும் மினி பஸ் புகுந்து போகும். ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். காத்திருக்கிற கஷ்டம் குறைந்தது. சனங்கள் விரும்பினார்கள்.

அதே மினி பஸ்ஸை 1998இல் ஏன் நிறுத்தினார்கள்? டிரைவர்கள் பலர் பஸ்ஸை ‘பாஜாக்’ முறையில் எடுத்து ஓட்டினார்கள். அதாவது தினசரி முதலாளிக்கு ஒரு தொகை கட்டவேண்டும். மிச்சம் இருப்பதுதான் டிரைவருக்கு. அப்புறம் என்ன நடக்கும்? முன்னால் போகிற பஸ்ஸை முந்தினால்தான் ஆள் கிடைக்கும். வாசலில் தொங்கத் தொங்க ஏற்றினால்தான் காசு கிடைக்கும். கிழவி கை காட்டினால் நிற்காமல் போவதும், கூட்டம் நிற்கும் இடத்தில் நெடுநேரம் நிற்பதும் அதனால்தான். டிரைவர் கெட்டவர் இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்த முறை கெட்டது.

இந்தப் பாடத்தை நாடு பிறகு கற்றுக்கொண்டது. 2015 முதல் சிரம்பான், ஈப்போ, கங்கார் போன்ற ஊர்களில் ஒரு புது ஏற்பாடு வந்தது. இத்தனை மணிக்கு இத்தனை நடை ஓடு, ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடிய தூரத்துக்கு அரசு பணம் கொடுக்கும் என்று பஸ் கம்பெனிகளோடு ஒப்பந்தம். இதில் டிரைவர் முந்தி ஓட வேண்டியதில்லை. காலி பஸ் என்று நடையை வெட்ட வேண்டியதுமில்லை. நேரத்துக்கு ஓடினாரா என்பதுதான் கேள்வி. நேரம் தெரிந்த பஸ் அரை மணிக்கு ஒன்று வந்தாலும் போதும். வீட்டில் இருந்து நேரம் பார்த்துக் கிளம்பலாம். நேரம் தெரியாத பஸ் எத்தனை வந்தாலும் நம்பிக்கை இல்லை.

‘நஷ்டம்’ என்கிற பேச்சு

தோட்டப் பக்கத்து பஸ் ஒன்றை நிறுத்தும்போதெல்லாம் ஒரே காரணம் சொல்வார்கள்: நஷ்டம். ஆள் இல்லை, ஆகவே பஸ்ஸைக் குறைத்தோம். பஸ் குறைந்ததால் மிச்சம் இருந்தவர்களும் மோட்டார் வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஆள் இன்னும் குறைந்தது; பஸ்ஸை நிறுத்தினோம். இது கிணற்றில் தண்ணீர் இல்லை என்று ஊற்றை அடைக்கிற கதை.

சரி, நஷ்டம் பற்றியே பேசுவோம். கோலாலம்பூரின் முதல் இரண்டு எல்.ஆர்.டி. பாதைகளையும் தனியார் கம்பெனிகள் கட்டி நடத்தின. கடன் அடைக்க முடியவில்லை. 2002இல் அரசு நிறுவனமான பிரசாரானா இரண்டையும் எடுத்துக்கொண்டது. மோனோரெயிலும் அப்படித்தான், 2007இல் அதுவும் பிரசாரானாவிடம் வந்தது. ரயிலைக் கட்டிய கடனை டிக்கெட் காசால் அடைக்க முடியவில்லை என்பதுதான் இதன் அர்த்தம். அது குற்றம் இல்லை. ரயில் ஊருக்கு வேண்டும், ஊர்க் காசில் நடக்கட்டும். ஆனால் ரயிலுக்கு நஷ்டம் வந்தால் ‘முதலீடு’, பஸ்ஸுக்கு நஷ்டம் வந்தால் ‘வீண் செலவு’ என்றால் அது என்ன நியாயம்? நாம் கட்டும் வரியும் அந்தக் காசில் இருக்கிறதே!

ரிப்பிட் கே.எல். ரயில்களிலும் பஸ்களிலும் 30 நாளைக்கு 50 வெள்ளியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகும் அட்டை ஒன்று உண்டு. குடியுரிமை உள்ளவர்கள் வாங்கலாம். தினசரி இரண்டு மூன்று வண்டி மாறிப் போகிறவர்களுக்கு உண்மையிலேயே நல்ல சலுகை. ஆனால் கொமுட்டருக்கு அது செல்லாது. அட்டை மலிவாக இருந்து என்ன பயன், அதைக் காட்டி ஏற நம்ம வாசலுக்கு வண்டி வராவிட்டால்?

பிராங் பெசார் மண்ணில் ஒரு ரயிலடி

இதையெல்லாம் ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். புத்ராஜெயா இருக்கும் இடம் முன்பு பிராங் பெசார் தோட்டம். ரப்பர் கன்று ஆராய்ச்சிக்குப் பேர் போன இடம் அது. 1990களில் அரசு நிர்வாக நகரம் கட்ட அந்தத் தோட்டத்தையும் பக்கத்துத் தோட்டங்களையும் எடுத்தபோது, அங்கிருந்த குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள்.

2023 மார்ச்சில் அந்தப் பழைய தோட்டத்து மண்ணுக்கு எம்.ஆர்.டி. வந்து சேர்ந்தது. 57.7 கிலோமீட்டர் நீளம். சுமார் 3,053 கோடி வெள்ளி செலவு. கடைசி நிலையம் புத்ராஜெயா சென்ட்ரல். பளிங்கு மாதிரி தரை, குளிர்ச்சாதனம், நகரும் படி எல்லாம் உண்டு. அழகான ரயில், மறுக்கவில்லை.

ஆனால் அந்த மண்ணில் பால் எடுத்தவர்களின் பிள்ளைகள் ரயிலடிக்குப் பக்கத்தில் இல்லை. டெங்கிலில் இருந்து அது நடந்து போகிற தூரமும் இல்லை. ஆகவே அந்தக் குடும்பங்களுக்கு இந்த ரயிலின் மதிப்பு 3,053 கோடியில் இல்லை. அடுக்குமாடி வாசலில் இருந்து ரயிலடிக்கு எத்தனை நிமிஷத்துக்கு ஒரு பஸ், முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதில் இருக்கிறது. அந்த மூன்று பதிலும் சரியாக இருந்தால் ரயில் அவர்களுக்கும் வந்தது. சரியில்லை என்றால் அது வேறு யாருக்கோ வந்த ரயில்.

இது டெங்கிலுக்கு மட்டும் பொருந்தும் கதை அல்ல. கேரித்தீவுக்கும், காப்பாருக்கும், பெஸ்தாரி ஜெயாவுக்கும், பந்திங்குக்கும் இதே மூன்று கேள்விகள்தான்.

நாம் என்ன செய்யலாம்?

“நம்ம பேச்சை யார் கேக்கப் போறா?” என்று கையை விரிக்கக் கூடாது. கேட்க வேண்டிய நேரத்தில், கேட்க வேண்டிய முறையில் கேட்டால் நடக்கும்.

ஒன்று: நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி, புதிய ரயில் பாதைத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். காஜாங் பாதையை 2011இலும், புத்ராஜெயா பாதையை 2015இலும் மூன்று மூன்று மாதம் வைத்தார்கள். அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் படம் பார்க்கலாம், கருத்து எழுதிக் கொடுக்கலாம். அப்போது நம்மில் எத்தனை பேர் போனோம்? அடுத்த தடவை தோட்டத் தலைவரும், கோயில் தலைவரும், பள்ளிப் பெற்றோர் சங்கத்தாரும் சேர்ந்து போகட்டும்.

காகிதத்தில் இருக்கும்போது பேசினால் என்ன மாறும் என்பதற்கு ஓர் உதாரணம். பண்டார் உத்தாமாவில் இருந்து கிள்ளான் ஜொகான் செத்தியா வரைக்கும் போடப்பட்ட மூன்றாவது எல்.ஆர்.டி. பாதையின் செலவை 2018இல் 3,165 கோடி வெள்ளியில் இருந்து 1,663 கோடியாகக் குறைத்தார்கள். பெட்டிகளைக் குறைத்தார்கள். 26 நிலையம் என்றிருந்தது 20 ஆனது. கிள்ளானில் புக்கிட் ராஜா நிலையமும் வெட்டுப்பட்டவற்றில் ஒன்று. 2023 அக்டோபரில், வெட்டிய ஐந்து நிலையங்களை மறுபடி சேர்ப்போம் என்று அரசு அறிவித்தது. புக்கிட் ராஜாவும் அதில் உண்டு. பேனாவால் வெட்டிய நிலையம் பேனாவாலேயே திரும்பியது. சிமெண்டு காய்ந்த பிறகு இப்படி மாற்றுவது லேசில்லை.

இரண்டு: பஸ் வேண்டும் என்று வெறும் மகஜர் கொடுத்தால் போதாது. கணக்குக் கொடுக்கவேண்டும். ஒரு பள்ளி நோட்டு எடுங்கள். வீடு வீடாகப் போய் எழுதுங்கள்: யார் போகிறார், எங்கே போகிறார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார், இப்போது எதில் போகிறார், மாசம் எவ்வளவு செலவு. மேல்நிலைப்பள்ளி படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் காலை ஆறு மணிக்கு 80 பேர், ராத்திரி பதினொரு மணிக்கு 30 பேர் என்று வந்தால், காலையில் பஸ்ஸும் இராத்திரியில் வேனும் கேளுங்கள். எதைக் கேட்பது என்று தெரிந்து கேட்கிறவர்களை அதிகாரிகள் லேசில் தட்டிக்கழிக்க முடியாது.

மூன்று: அந்தக் கணக்கை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று சட்டமன்ற உறுப்பினருக்கு. ஒன்று நகராண்மைக் கழகத்துக்கு. பஸ் நிறுத்தக் கூரையும், நடைபாதையும், தெரு விளக்கும் அவர்கள் பொறுப்பு. ஒன்று தரைப் பொதுப் போக்குவரத்து அலுவலகமான ‘அப்பாட்’டுக்கு, பஸ் பாதைக்கு லைசென்ஸ் கொடுப்பது அவர்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். ஒரு மாசம் கழித்து மறுபடி போங்கள்.

நாலு: பஸ் வந்தால் ஏறுங்கள்! இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். போராடி வாங்கிய பஸ்ஸை விட்டுவிட்டு, அவசரம் என்று மோட்டாரில் பறந்தால், ஆறு மாசத்தில் “ஆள் இல்லை” என்று பஸ்ஸை எடுத்துவிடுவார்கள். அப்புறம் யாரை நோவது?

ஐந்து: யார் வந்து “உங்க ஊருக்கு ரயில் கொண்டு வர்றோம்” என்று மாலை போட்டுக்கொண்டு பேசினாலும் கை தட்டுங்கள், தப்பில்லை. தட்டி முடித்ததும் எழுந்து நின்று கேளுங்கள்: “ஐயா, என் வீட்டு வாசலில் இருந்து ரயிலடிக்கு எதில் போறது? எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணு? கடைசி வண்டி எத்தனை மணிக்கு?” இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்தவர் திட்டத்தைப் படித்தவர். தெரியாதவர் பேச்சை மட்டும் படித்தவர்.

தோழர்களே, 1960இல் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் நம் பெரியவர்களைச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். சில்லறைச் சேமிப்பு ஒன்றுசேர்ந்து தோட்டங்களையே வாங்கியது. அன்றைக்குப் பிரச்சினை நிலம். இன்றைக்கு நிலத்தில் இருந்து வேலைக்கும், பள்ளிக்கும், மருத்துவமனைக்கும் போகிற வழி. ஒரு நோட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். வருகிற ஞாயிறே தொடங்குங்கள்.